அந்தப் பக்கத்துத் திரை

ஜாதகத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் ஜாதகப் பொருத்தம் பார்க்கிற புரோகிராமை எழுதியவள் நான்தான். இது என்னடி கூத்து என்று அம்மா கேட்பாள். சர்க்கரை வியாதிக்காரர் மிட்டாய்க்கடை வைப்பதில்லையா என்று நான் திருப்பிக் கேட்பேன். அதோடு அந்தப் பேச்சு நின்றுவிடும்.

அது 1999, தை மாதம். தி.நகரில் பனகல் பார்க்குக்குப் பின்னால் ஒரு சந்தில் கோதண்டபாணி என்பவர் கம்ப்யூட்டர் ஜோதிட மையம் நடத்திவந்தார். என் புரோகிராம் அங்கேதான் ஓடியது. பெண், பையன் இருவருடைய பிறந்த விவரங்களையும் போட்டுப் பட்டனை அமுக்கினால் போதும். சேர்ந்தால் பச்சை எழுத்தில் 'பொருத்தம் உண்டு', சேராவிட்டால் சிவப்பு எழுத்தில் 'பொருத்தம் இல்லை' என்று ஒரு கட்டம் திறக்கும். எழுத்து பெரிதாக இருக்க வேண்டும், கண்ணாடி மறந்து வந்தவருக்கும் தெரிய வேண்டும் என்று கோதண்டபாணி கேட்டிருந்தார். பெரிய எழுத்துக்கு இடம் விட்டதில் மேலே பெண்ணின் நட்சத்திரத்தை மட்டும்தான் போட முடிந்தது. பையன் நட்சத்திரத்துக்கு இடமில்லை.

வருகிறவர்களுக்கு ஒரு குறை இருந்தது. கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்திருக்கும் செண்பகம் திரையைப் பார்த்து ஏதோ படிக்கிறாள், நமக்கு ஒன்றும் தெரியவில்லையே என்று முணுமுணுத்தார்கள். புதிதாக வந்த விண்டோஸில் ஒரே கம்ப்யூட்டருக்கு இரண்டு மானிட்டர் மாட்டலாம் என்று நான் கோதண்டபாணியிடம் சொன்னேன். மனுஷர் துள்ளிக் குதித்தார். செண்பகத்தின் முன்னால் ஒன்று, வாடிக்கையாளரைப் பார்த்து ஒன்று. முடிவு முதலில் செண்பகத்தின் திரையில் வரும். அவள் அதை மவுஸால் பிடித்து வலது பக்கம் இழுத்துவிட்டால், அவள் திரையிலிருந்து மறைந்து வாடிக்கையாளர் பக்கத்துத் திரையில் போய் நிற்கும். பெரியவர்கள் அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டதாகக் கூடக் கேள்வி.

என் ஆபீஸ் அடையாறு காந்தி நகரில் ஒரு மாடி அறை. நான், ஒரு மின்விசிறி, ஒரு கம்ப்யூட்டர். அந்தக் கம்ப்யூட்டருக்கும் இரண்டு மானிட்டர். இரண்டாவதைக் கொண்டுவந்து மாட்டியவன் நிரஞ்சன். ஈக்காட்டுத்தாங்கலில் மானிட்டர் ரிப்பேர் செய்யும் கம்பெனியில் இன்ஜினியர். ஒருநாள் வேலைக்கு வந்தவன் அடுத்த வாரமும் வந்தான், எதுவும் ரிப்பேர் ஆகாதபோதும் வந்தான். எனக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. அவனைத் தவிர வேறு யாரையும் கட்டிக்கொள்கிற எண்ணம் எனக்கு இல்லை.

ஆனால் அதை வீட்டில் சொல்ல இருவருக்கும் தைரியம் இல்லை. அவனும் மயிலாப்பூர், நானும் மயிலாப்பூர், ஜாதியும் ஒன்றுதான். இருந்தாலும் அவன் அப்பாவுக்குக் காதல் என்ற சொல்லே ஆகாது. அதனால் தெரிந்த மாமி ஒருத்தி மூலமாக என் ஜாதகம் தற்செயலாக அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்வது போல ஏற்பாடு செய்தோம். போயும் சேர்ந்தது. அவன் அப்பா டெலிபோன் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர், இயந்திரங்களை நம்புகிறவர். "ஜோசியனுக்கு முகதாட்சண்யம் உண்டு, மெஷினுக்குக் கிடையாது" என்று சொல்லிவிட்டு, எந்த மையத்தில் முடிவை நம் கண்ணாலேயே பார்க்கலாம் என்று விசாரித்திருக்கிறார். ஊரெல்லாம் விசாரித்து, கடைசியில் கோதண்டபாணியின் மையத்தையே பிடித்தார். 

அம்மாவுக்கு மட்டும் ஒரே சந்தோஷம். "உன் புரோகிராம்தானேடி. நம்ம ஜாதகத்துக்கு மட்டும் கொஞ்சம் தாராளமாப் பாக்கச் சொல்லேன்" என்றாள். எனக்கு வந்த கோபத்தில் அன்று சாப்பிடவே இல்லை. நிரஞ்சனும் அதையே விளையாட்டாகச் சொன்னான். "ரெண்டே ரெண்டு வரி சேர்த்தாப் போறும், நீரஜா." அவனோடு ஒரு வாரம் பேசவில்லை. ஜாதகத்தை நம்பாதவள்தான் நான். ஆனால் என் புரோகிராமை நம்பி வந்து உட்காருகிறவர்களை ஏமாற்ற மாட்டேன். எங்கள் இருவர் ஜாதகத்தையும் ஒரு தடவைகூட அதில் போட்டுப் பார்த்ததில்லை. சிவப்பு வந்தால் என்ன செய்வேன் என்று எனக்கே என்மேல் பயம்.

இரண்டு வீட்டாரும் வரப்போகிற நாளுக்கு முதல்நாள் நான் மையத்துக்குப் போய்ப் புரோகிராமில் ஒரு புது வசதியைப் போட்டுவிட்டு வந்தேன். முடிவுக் கட்டத்தைக் கடைசியாக எந்த இடத்தில் விட்டோமோ, அடுத்த தடவை அதே இடத்தில் திறக்கும். பெருமையாக இருந்தது.

மறுநாள் காலை, அம்மாவும் அப்பாவும் தி.நகருக்குக் கிளம்பிப் போன பிறகு, ஆபீஸில் போன் அடித்தது. செண்பகம்.

"மேடம், இன்னா மேடம் இது? பேரு கீருலாம் போட்டுப் பட்டன அமுக்கினா ஒண்ணியுமே வர்ல. கம்முனு கீது. பொண்ணூட்டுக்காரங்க, புள்ளயூட்டுக்காரங்க எல்லாம் வந்துகினு இருக்காங்க, ஓனரு என்ன மொறைக்கிறாரு."

"பதறாதே. போனை வெச்சுட்டு மோடத்தைப் போடு. நான் இங்கேருந்தே பார்க்கிறேன்."

தொலைபேசி வழியாக அந்தக் கம்ப்யூட்டரை இங்கிருந்தே ஓட்டுகிற வசதியை அப்போதுதான் போட்டிருந்தோம். மோடம் கிறீச்சிட்டுக் கத்தி முடித்ததும், என் இடது மானிட்டரில் செண்பகத்தின் திரை அப்படியே வந்து நிற்கும். நான் இங்கே மவுஸை நகர்த்தினால் அங்கே அம்பு நகரும். ஒரே ஒரு சங்கடம், இரண்டு இடத்திலும் ஒரே ஒரு போன் லைன். மோடம் பேசிக்கொண்டிருக்கும்போது மனிதர்கள் பேச முடியாது.

இடது மானிட்டரில் தி.நகர் வந்தது. வலது மானிட்டரில் என் புரோகிராமைத் திறந்து வைத்துக்கொண்டேன். பெண்ணின் இடத்தில் என் பிறந்த தேதியையே போட்டேன். மகம் நட்சத்திரம். சோதனை செய்யும்போது எப்போதும் அதைத்தான் போடுவேன், யோசிக்காமல் கைக்கு வருவது அதுதான். பையன் இடத்தில், எல்லாம் ஒழுங்காக ஓடினால் சிவப்பு வந்தே தீர வேண்டிய ஒரு தேதியைப் போட்டேன். மகத்துக்கு அஸ்வினி நட்சத்திரம் ரஜ்ஜு தட்டும், அதாவது பொருத்தங்களில் முக்கியமான ரஜ்ஜுப் பொருத்தம் சேராது. பட்டனை அமுக்கினேன்.

ஒன்றுமே வரவில்லை.

மறுபடி அமுக்கினேன். திரை மொழுக்கென்று இருந்தது. தப்பு புரோகிராமில் இருக்கிறதா என்று வலது மானிட்டரைப் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. இடது பக்கம் திரும்பி மறுபடி அமுக்கினேன். லைன் சரியில்லையோ என்று மறுபடி. கோபத்தில் மறுபடி மறுபடி. நான் இங்கே அமுக்குவது அங்கே போய்ச் சேருகிறதா, அங்கே நடப்பதுதான் இங்கே தெரிகிறதா, இல்லை எங்கேயோ நின்றுபோன பழைய படத்தை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேனா என்று ஒன்றும் விளங்கவில்லை.

அப்போது அம்பு தானாகத் துடிக்க ஆரம்பித்தது. நான் இடப்பக்கம் இழுத்தால் அது வலப்பக்கம் ஓடியது. பட்டனை நோக்கிக் கொண்டுபோனால் விருட்டென்று மேலே தாவியது. மோடத்தைத் திட்டினேன், டெலிபோன் இலாகாவைத் திட்டினேன், வரப்போகிற மாமனாரும் அந்த இலாகாதானே என்று நினைவு வந்ததும் அவரையும் சேர்த்துத் திட்டினேன். மல்லுக்கட்டி இன்னொரு தடவை பட்டனை அமுக்கிவிட்டேன்.

உடனே பெண்ணின் பெயர் எழுதும் பெட்டியில் எழுத்துகள் ஒவ்வொன்றாக முளைத்தன. இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். "நிறுத்து மேடம்."

அம்பை இழுத்தது செண்பகத்தின் கை என்று அப்போதுதான் புரிந்தது. பையன் பெயர்ப் பெட்டியில் நான் எழுதினேன். "என்ன ஆச்சு?"

பெண் பெட்டி சொன்னது. "அந்தப் பக்க ஸ்கிரீன்ல செவப்பு செவப்பா வருது. எல்லாரும் பாக்குறாங்க."

அந்தப் பக்க ஸ்கிரீனா? என்னிடம் இரண்டு, அங்கே இரண்டு. ஆக நான்கு. என் இரண்டும் என் கண் முன்னால் இருந்தன. அங்கே உள்ள இரண்டில் ஒன்றுதான் இங்கே வருகிறது. வாடிக்கையாளர் பக்கத்துத் திரையை இந்த வசதி அனுப்புவதே இல்லை. என் முன்னால் இரண்டு மானிட்டர் ஜோராக எரிந்துகொண்டிருந்ததால், எல்லாவற்றையும் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு குருட்டுத்தனமாக உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

பிறகு எல்லாம் புரிந்தது. முந்தின நாள் செண்பகம் கடைசி முடிவை வாடிக்கையாளர் பக்கம் இழுத்துவிட்டு, திருப்பி எடுக்காமல் கடையைச் சாத்தியிருக்கிறாள். விட்ட இடத்திலேயே திறக்கும் என் புது வசதி, காலையில் எல்லா முடிவுகளையும் அந்தப் பக்கமே திறந்திருக்கிறது. ஆட்கள் வரும்வரை அந்த மானிட்டரை அணைத்து வைப்பது வழக்கம், அதனால் செண்பகத்துக்கும் தெரியவில்லை. நான் இங்கே பட்டனை அமுக்கிக்கொண்டிருந்தபோது இரண்டு குடும்பமும் வந்து உட்கார்ந்திருக்கின்றன. கோதண்டபாணி தன் பெருமையைக் காட்ட அந்த மானிட்டரைப் போட்டிருக்கிறார். 'மகம். பொருத்தம் இல்லை.' அதன்மேல் இன்னொன்று. அதன்மேல் இன்னொன்று. நான் அமுக்க அமுக்க நிரஞ்சனின் அப்பா முகத்தின் முன்னால் சிவப்பாக வந்துகொண்டே இருந்திருக்கிறது.

எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே, இரண்டாவது திரை வேண்டாம் என்று அந்தக் கம்ப்யூட்டரின் அமைப்பை மாற்றினேன். அங்கே போன கட்டமெல்லாம் குபீரென்று செண்பகத்தின் திரைக்குத் திரும்பி வந்தன. என் இடது மானிட்டர் முழுக்கச் சிவப்பு. ஒவ்வொன்றாக மூடினேன்.

பெண் பெட்டியில் மறுபடி எழுத்து வந்தது. "இவங்களுத இப்ப போட்டுக் காட்டச் சொல்றாரு ஓனரு."

செண்பகம் விவரங்களை அடித்தாள். நீரஜா என்று என் பெயர் வந்தது. நான் கேள்வி கேட்டிருந்த பெட்டியில் நிரஞ்சன் என்று வந்தது. நான் இத்தனை நாள் பார்க்கப் பயந்த கணக்கு. அம்பு மெதுவாகப் பட்டனை நோக்கிப் போயிற்று. அவள் நகர்த்தினாளா, நான் நகர்த்தினேனா? இரண்டு பேர் கையும் மவுஸில்தான் இருந்தது. யார் அமுக்கினோம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பச்சை. 'பொருத்தம் உண்டு.'

நான் நாற்காலியை விட்டு எழுந்து, இருக்கிற ஒரு அறைக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். லைனைத் துண்டித்துவிட்டு, மயிலாப்பூருக்கு ஆட்டோவே பிடித்தேன். பஸ்ஸுக்கு நிற்கிற பொறுமை இல்லை.

வீட்டில் அப்பா ஈஸிசேரில் கண்ணை மூடிக் கிடந்தார். அம்மா கூடத்தில் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கட்டியிருந்த பட்டுப்புடவையைக்கூட மாற்றவில்லை.

"எல்லாம் போச்சுடி" என்றாள்.

"என்னம்மா போச்சு? பச்சைதானே வந்தது?"

"பச்சை வந்துது. உடனே அந்தக் கோதண்டபாணி, அந்தப் பொண்ணு முன்னாடி இருந்த மானிட்டரை எங்க பக்கம் திருப்பிக் காட்டிட்டு எழுந்துண்டு, பாத்தேளா, எங்க புரோகிராமர் நீரஜா மேடம் அடையாறுல உக்காந்துண்டே எல்லாத்தையும் சரிபண்ணிட்டாங்கன்னு பெருமையா சொன்னான். பிள்ளையோட அப்பா குனிஞ்சு கையில இருந்த ஜாதகத்தைப் பாத்தார். நீரஜா. அண்ணாந்து அந்த மெஷினைப் பாத்தார். செவப்பா இருந்தது, உங்க பொண்ணு கை வெச்சதும் பச்சையாயிடுத்து, ரொம்ப நன்னா இருக்குன்னு சொல்லிட்டு எழுந்து போயிட்டார்."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு காகிதத்தை எடுத்து நான்கு பெட்டி போட்டு அம்மாவுக்கு விளக்கினேன். இது என் இடது, இது என் வலது. இது செண்பகத்துடையது, இது வந்தவர்கள் பார்த்தது. சிவப்பு வந்தது வேறு பையனுக்கு. பச்சை வந்ததுதான் நமக்கு.

அம்மா நான்கு பெட்டியையும் மாறிமாறிப் பார்த்தாள். "அப்போ இதுல நிரஞ்சன் எந்தப் பெட்டிடி?"

"எந்தப் பெட்டியும் இல்லைம்மா!"

"செவப்பு பொய், பச்சை நிஜம்னு நீயே சொன்னா யாருடி நம்புவா? நீதானே ரெண்டையும் போட்டது?"

அதுதான் கொடுமை. இரண்டு வரி சேர்த்திருந்தால் யாருக்கும் தெரியாமல் பச்சை வந்திருக்கும். ஒன்றுமே சேர்க்காமல் இருந்ததற்கு மோசடிக்காரி என்ற பட்டம். காகிதத்தைக் கிழித்துப் போட்டேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு நிரஞ்சன் போன் செய்தான். குரலைக் கேட்டதும் படபடவென்று ஆரம்பித்துவிட்டேன். திரை, லைன், விட்ட இடம், அஸ்வினி என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன்.

"எனக்குத் தெரியும், நீரஜா. மானிட்டர்தானே எனக்கு ஜீவனம்" என்றான். "ஆனா ஆத்துல அதைச் சொல்ல முடியலை."

"ஏன்?"

"அப்பா வந்து, ஃபிராடு, ஃபோர்ஜரின்னு குதிச்சார். இந்த சம்பந்தமே வேண்டாம்னுட்டார். ஆனா அம்மா அழ ஆரம்பிச்சுட்டா. நம்ம பிள்ளைக்காக ஒரு பொண்ணு இவ்வளவு தூரம் பண்ணியிருக்காளே, இவளை விட்டுட்டு எவளைத் தேடப்போறேள்னு. நான் நடுவுல உண்மையைச் சொல்லப் போனேன். அம்மா என் வாயைப் பொத்திட்டா."

"எனக்கு ஒண்ணுமே புரியலை, நிரஞ்சன்."

"எனக்கும்தான். இரு, அம்மா உன்கிட்டப் பேசணுங்கறா."

ரிசீவர் கைமாறியது. அதுவரை நான் பார்த்திராத அவன் அம்மா சீதா மாமியின் குரல், பக்கத்து அறைக்குக் கேட்டுவிடக் கூடாது என்பது போலத் தாழ்ந்து வந்தது.

"நீரஜாவாம்மா? இத பாரு, எங்கப்பா என் பொறந்த நேரத்தையே மாத்தி எழுதித்தான் என்னை இவருக்குக் குடுத்தார். இத்தனை வருஷம் மனசுலயே வெச்சிண்டிருந்தேன். இன்னிக்கு இவர் ஃபோர்ஜரி ஃபோர்ஜரின்னு கத்தினதும் சொல்லிட்டேன். உங்காத்துக்காரியும் அப்படி வந்தவதான், உங்களுக்கு என்ன கொறஞ்சு போச்சுன்னு கேட்டேன். மனுஷர் அப்போ வாயை மூடினவர்தான், இன்னும் தெறக்கலை."

"மாமி, நான் வந்து..."

"பயப்படாதே. இவர் சரின்னு தலையை ஆட்டியாச்சு. எனக்கு ஒண்ணே ஒண்ணு உன் வாயால கேக்கணும், அவ்வளவுதான். என் பிள்ளை வேணும்னுதானே அந்த மெஷினை மாத்தினே?"

இல்லை மாமி, ஒரு புள்ளிகூட மாற்றவில்லை, உங்கள் பிள்ளையே கேட்டும் மாற்றவில்லை என்று நாக்கு நுனிவரை வந்தது. மாமி மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பது கேட்டது. நான் இல்லை என்று சொன்னால், இத்தனை வருஷ ரகசியத்தைச் சொல்லிவிட்ட மாமி அந்த வீட்டில் தனியாகிவிடுவாள். நிரஞ்சனும் போய்விடுவான்.

"ஆமா மாமி" என்றேன். "நான்தான் மாத்தினேன்."

மாமி விசும்பினாள். "நன்னா இருப்பேடி கண்ணே" என்றாள். நிரஞ்சன் எனக்குக் கிடைத்துவிட்டான். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.